திரும்பி வந்த ரத்தம்

பல நாள் பட்டினி கிடந்தவனை உட்காரவைத்து, எடுத்த எடுப்பிலேயே வயிறு முட்டச் சோறு போடக் கூடாது. முதலில் கஞ்சி, அப்புறம் குழைந்த சாதம், அதற்கும் அப்புறம்தான் இலை போட்டுச் சாப்பாடு. நம் வீட்டுப் பாட்டிமார் இதைத் தெரிந்துகொள்ள எந்தக் கலாசாலைக்கும் போகவில்லை. பசி ஒரு விதமாகக் கொல்லும் என்றால், பசிக்குப் பின் வந்து விழுகிற சோறு இன்னொரு விதமாகக் கொல்லும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது.

வயிற்றுக்குள்ள இந்த நியாயம் இருதயத்துக்கும் உண்டு என்று வைத்திய சாஸ்திரம் கண்டுகொள்ள வெகு காலம் ஆயிற்று. அதைக் கண்டுகொண்ட கதையையும், பிறகு இருதயத்துக்கு ஏற்ற கஞ்சியைத் தேடிப் போன கதையையும்தான் இங்கே சொல்ல வந்தேன்.

இருதயம் உடம்பு முழுவதற்கும் ரத்தத்தை இறைத்துக் கொடுக்கிறது. ஆனால் தன் அறைகளில் நிரம்பி வழியும் அந்த ரத்தத்தை அது அநேகமாகத் தொடுவதே இல்லை. ஊருக்கெல்லாம் சமைத்துப் போடும் பரிசாரகன் தன் பங்குக்குக் காத்திருப்பதுபோல், வெளிப்புறத்தில் கொடியாகப் படர்ந்திருக்கும் சில குழாய்களின் வழியாக வருவதைத்தான் அது உண்ண வேண்டும். அந்தக் குழாய் ஒன்றில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், அதை நம்பியிருக்கும் சதை பட்டினியில் விழுகிறது. அதுதான் மாரடைப்பு. அடைப்பை எடுத்தால் ரத்தம் பாயும். ரத்தம் பாய்ந்தால் சதை பிழைக்கும். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

1960ல் சிக்காகோவில், நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ராபர்ட் ஜென்னிங்ஸ் என்ற டாக்டரும் அவருடைய தோழர்களும் நாய்களின் இருதயக் குழாயைச் சிறிது நேரம் கட்டிவைத்து, பிறகு கட்டை அவிழ்த்துப் பார்த்தார்கள். நிரந்தரமாக அடைத்த இருதயத்தில் 24 மணி நேரம் கழித்துத்தான் தெரியவேண்டிய அழிவு, கட்டை அவிழ்த்த இருதயத்தில் 30 முதல் 60 நிமிஷத்துக்குள்ளேயே தெரிந்தது. காப்பாற்ற வந்த ரத்தம் அழிவைத் துரிதப்படுத்திவிட்டது!

சாகவேண்டியதுதான் சீக்கிரம் செத்தது என்று சிலர் சொன்னார்கள். பிழைத்திருக்கக் கூடியதையும் ரத்தம் கொன்றது என்று வேறு சிலர் சொன்னார்கள். இந்த வாதம் வெகு காலம் நடந்தது. ஆனால் திரும்பி வரும் ரத்தம் என்ன செய்கிறது என்பது மட்டும் மெல்ல மெல்லத் தெளிந்துவந்தது. பிராணவாயு திடீரென்று வந்து பாய்வதால், கண்டதையெல்லாம் அரிக்கும் துஷ்டப் பொருள்கள் உண்டாகின்றன. சுண்ணாம்புச் சத்து அளவுக்கு மிஞ்சி உயிரணுவுக்குள் புகுந்துவிடுகிறது. ஒவ்வோர் உயிரணுவிலும் சக்தியைத் தயாரிக்கும் நுண்ணிய அடுப்புகள் உண்டு. ரத்தம் திரும்பிய முதல் சில நிமிஷங்களில் அந்த அடுப்புகளின் சுவரில் ஒரு கதவு திறந்துகொள்கிறது. அது திறந்தபடியே நின்றால் அடுப்பு அணைந்தது, உயிரணுவும் முடிந்தது.

இதற்கிடையே, 1986ஆம் வருஷத்தில் மூன்று காரியங்கள் நடந்தன. ஒன்றுக்கு மற்றொன்று உறவு என்று அன்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

முதலாவது இத்தாலியில். 11,806 மாரடைப்பு நோயாளிகளைக் கொண்டு நடந்த பெரிய சோதனை ஒன்றின் முடிவு அந்த வருஷம் வெளியாயிற்று. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற மருந்தைச் செலுத்தி உறைந்த ரத்தத்தைக் கரைத்தபோது, 21 நாளுக்குள் மாண்டவர்கள் நூற்றுக்கு 13 பேர் என்பது 10.7 ஆகக் குறைந்தது. வலி கண்ட ஒரு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களிடையே மரணம் ஏறக்குறையப் பாதியாயிற்று. ஆகவே, என்ன தீங்கு செய்தாலும் ரத்தம் திரும்பியே ஆகவேண்டும். பட்டினி போட்டு யாரையும் பிழைக்கவைக்க முடியாது அல்லவா?

இரண்டாவது அமெரிக்காவில், வட கரோலினாவின் ட்யூக் சர்வகலாசாலையில். ஜென்னிங்ஸ் அப்போது அங்கேதான் இருந்தார். சார்லஸ் மரி என்ற மாணவரும், கீத் ரைமர் என்பவரும் அவருடன் சேர்ந்து நாய்களின் இருதயக் குழாயை ஐந்து நிமிஷம் அடைத்தார்கள். ஐந்து நிமிஷம் திறந்துவிட்டார்கள். இப்படி நான்கு தடவை செய்துவிட்டு, பிறகு 40 நிமிஷம் அடைத்தார்கள். வழக்கமாக, ஆபத்துக்கு உள்ளான சதையில் நூற்றுக்கு 29 பங்கு செத்துப்போகும். இங்கே செத்தது 7 பங்குதான். உபவாசம் பழகிய உடம்பு பட்டினியைத் தாங்குவதுபோல், இருதயமும் பழகிக்கொண்டது. தன்னைக் காத்துக்கொள்ளும் வித்தை அதனிடமே இருக்கிறது; யாராவது அதைத் தட்டி எழுப்பவேண்டும்.

மூன்றாவது ஸ்டாக்ஹோமில். ரீட்டா லெவி மோன்டால்சினி என்ற இத்தாலிய மாதுக்கும் ஸ்டான்லி கோஹன் என்ற அமெரிக்கருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அது இருதய ஆராய்ச்சிக்காக அல்ல. அந்தக் கதை 1938ல் ஆரம்பிக்கிறது.

அந்த வருஷம் முஸோலினி கொண்டுவந்த இனச் சட்டங்கள், யூதர்களுக்குச் சர்வகலாசாலைக் கதவுகளை அடைத்தன. டூரின் நகரத்தில் வைத்தியப் படிப்பை முடித்திருந்த ரீட்டா வேலை இழந்தார். தம் படுக்கையறையையே ஆராய்ச்சிசாலை ஆக்கிக்கொண்டார். தையல் ஊசியைத் தீட்டினால் கத்தி. கோழி முட்டைக்குள் வளரும் கரு அவருடைய ஆராய்ச்சிப் பொருள். யுத்தத்தில் டூரின் நகரம் குண்டுவீச்சுக்கு இலக்கானபோது குடும்பம் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கேயும் சைக்கிளில் பண்ணை பண்ணையாகப் போய் முட்டை வாங்கிவந்தார். உயிருக்கே உத்தரவாதம் இல்லாத நாளில், ஒரு நரம்பு ஏன் வளர்கிறது, ஏன் சாகிறது என்று அவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

1947ல் அமெரிக்காவில் ஸெயின்ட் லூயி நகரத்துக்குப் போனார். சுண்டெலியின் ஒருவகைக் கட்டியிலிருந்து ஏதோ ஒன்று கசிந்து, நரம்புகளை வளரச் செய்கிறது என்று அவருக்குத் தோன்றிற்று. 1952ல் இரண்டு சுண்டெலிகளைச் சிறு பெட்டியில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு, ரியோ டி ஜெனீரோவுக்கு விமானம் ஏறினார். அங்கே கண்ணாடித் தட்டில் கட்டியின் பக்கத்தில் வைத்த நரம்பு முடிச்சு, ஒரே நாளில் சுற்றிலும் இழைகளை வீசி ஒளிவட்டம்போல் விரிந்தது. அந்த ‘ஏதோ ஒன்று’ என்ன என்று தேடும் பொறுப்பைக் கோஹன் ஏற்றார். பாம்பு விஷத்தில் அது கிடைத்தது. சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் கிடைத்தது. அந்தச் சுரப்பியின் சாற்றை எலிக்குஞ்சுகளுக்குக் கொடுத்தபோது, அவை உரிய நாளுக்கு முன்பே கண் திறந்தன. அதிலிருந்து இரண்டாவது பொருள் ஒன்று அகப்பட்டது. வளர்ச்சிக் காரணிகள் என்ற பெரிய குடும்பத்துக்கு இப்படித்தான் வாசல் திறந்தது.

இந்தக் காரணிகள் உயிரணுவுக்கு வந்து சேரும் தபால்கள். வெளிச்சுவரில் இருக்கும் பெட்டியில் விழுந்ததும் செய்தி உள்ளே கையோடு கையாகப் போகிறது. ‘வளர்’ என்பது மட்டுமல்ல, ‘சாகாதே’ என்பதும் அந்தச் செய்தியில் உண்டு. நாம் முன்பு பார்த்த கதவைச் சாத்தி வைக்கும்படியும் அது சொல்கிறது. ட்யூக்கில் பழக்கப்பட்ட இருதயம் தனக்குத் தானே அனுப்பிக்கொண்ட செய்தியும் இதே வழிகளில் போகிறது என்று பின்னால் தெரிந்தது. அப்படியானால், ரத்தத்தோடு தபாலையும் சேர்த்து அனுப்பினால் என்ன? பட்டினி கிடந்தவனுக்கு அதுதானே கஞ்சி!

1990ல் பிலடெல்பியாவில் ஆலன் லெஃபரின் குழுவினர் வளர்ச்சிக் காரணி ஒன்றைக் கொடுத்து எலியின் இருதயத்தைக் காத்தார்கள். 1992ல் ஜப்பானியர்கள் இன்னொன்றைக் கொண்டு நாயின் இருதயத்தைக் காத்தார்கள். 1995ல், இன்சுலினை ஒத்த ஒரு காரணியை அடைப்புக்கு முன்பே கொடுத்தபோது எலிகளின் இருதயத்தில் சேதம் குறைந்தது. நம்பிக்கை பொங்கிற்று.

பிறகு மனிதனிடம் வந்தார்கள். நாள்பட்ட நெஞ்சுவலிக்காரர்களுக்குப் புதிய ரத்தக் குழாய்களை முளைக்கவைக்க ஒரு காரணியைச் செலுத்திப் பார்த்தார்கள். 337 பேரைக் கொண்ட அந்தச் சோதனையின் முடிவு 2002ல் வந்தது. மருந்து பெற்றவர்கள், வெறும் போலி மருந்து பெற்றவர்களைவிட அதிக நேரம் நடந்துவிடவில்லை. ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபாயடினையும் இந்தக் குடும்பத்தில் சேர்ப்பதுண்டு. அடைப்பு நீக்கிய மாரடைப்பு நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த சோதனை ஒன்றின் முடிவு 2011ல் வந்தது. சேதம் குறையவில்லை, 70 வயது தாண்டியவர்களிடம் அதிகமாகவே இருந்தது. மாரடைப்புச் சேதத்தைத் தடுக்கும் வழக்கமான சிகிச்சையில் எந்த வளர்ச்சிக் காரணியும் இன்றுவரை இடம் பெறவில்லை.

ஏன்? ஆராய்ச்சிசாலை எலி இளமையானது. நோய் நொடி இல்லாதது. அதற்கு எந்த நிமிஷத்தில் அடைப்பு, எந்த நிமிஷத்தில் திறப்பு என்பது டாக்டருக்கு முன்கூட்டியே தெரியும். மனிதனோ சர்க்கரை வியாதியோடும் ரத்த அழுத்தத்தோடும் வருகிறான். பத்து மருந்துகளை ஏற்கெனவே விழுங்கியிருக்கிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, நேரம் கழித்து வருகிறான். ட்யூக் நாய்களின் விஷயத்தில் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அடைப்பை 40 நிமிஷத்துக்குப் பதில் மூன்று மணி நேரம் நீடித்தபோது, அந்தப் பழக்கம் எதுவும் இருதயத்தைக் காக்கவில்லை.

ரீட்டா லெவி மோன்டால்சினி 103 வயது வரை வாழ்ந்து 2012ல் காலமானார். படுக்கையறையில் முட்டைக் கருவைப் பார்த்த நாளிலிருந்து பரிசு வாங்கும்வரை ஏறக்குறைய அரை நூற்றாண்டு. இந்தக் கஞ்சியும் என்றாவது ஒரு நாள் பதத்துக்கு வரும் என்றே நம்புகிறேன். அதுவரை நம் கையில் இருப்பது, பட்டினியின் நேரத்தைக் குறைப்பது ஒன்றுதான்.

நம் வீடுகளில் நெஞ்சு வலித்தால் முதலில் ‘வாயு’ என்கிறோம். சோடா வாங்கி வரச் சொல்கிறோம். சுக்குக் கஷாயம் வைக்கிறோம். அர்த்தராத்திரியில் எதற்கு எல்லோரையும் எழுப்புவது, விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்கிறோம். விடிவதற்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது.