ஏட்டில் ஏறிய பெயர்கள்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றைப் பட்டயங்களிலும் கல்வெட்டுகளிலும் மட்டும் தேடினால் போதாது. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடும் ஒரு வரலாற்று ஆவணமே. அதில் யார் பெயர் ஏறியது, யார் பெயர் ஏறவில்லை, ஏறிய பெயர் எந்த வகுப்போடு நின்றது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கிடைத்தால், அவ்வூர் தன் பெண்மக்களை எவ்வாறு மதித்தது என்பது விளங்கிவிடும். சங்கரன்கோவிலையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் மனத்திற்கொண்டு அவ்வேட்டைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ, மாகாணத்தின் கல்வி நிலையைக் கணக்கெடுக்குமாறு 1822-ல் கலெக்டர்களுக்கு ஆணையிட்டார். திருநெல்வேலிச் சீமையும் அக்கணக்கில் அடங்கும். 1826-ல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணம் முழுவதும் பள்ளிகள் 12,498. மாணாக்கர் 1,88,650 பேர். அவர்களுள் ஆண்பிள்ளைகள் 1,84,110. பெண்பிள்ளைகள் வெறும் 4,540. அதாவது, நூறு சிறுவர்களுக்கு மூன்று சிறுமியர்கூட இல்லை.

இந்தக் கணக்கினுள்ளே நம்மை வியக்கவைக்கும் செய்தி ஒன்று உண்டு. மலபார் மாவட்டத்தில் 3,196 முஸ்லிம் சிறுவர்களும் 1,122 முஸ்லிம் சிறுமியரும் பள்ளியில் பயின்றனர். மாகாணம் முழுவதிலும் பள்ளிக்குச் சென்ற பெண்மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் மலபாரின் முஸ்லிம் பெண்களே! முஸ்லிம் பெண்கள் கல்வியில் பின்தங்கியதற்கு மார்க்கமே காரணம் என்பார் இந்த எண்ணுக்கு என்ன விடை கூறுவர்? அதே மார்க்கத்தைப் பின்பற்றியோரின் பிள்ளைகள் ஒரு மாவட்டத்தில் பள்ளி சென்றனர். பிற மாவட்டங்களில் அந்த அளவுக்குச் செல்லவில்லை. எனவே தடை வேதத்தில் இல்லை. வழக்கத்திலும் வசதியிலுமே இருந்தது என்பது தெளிவு.

தமிழ் முஸ்லிம் இல்லங்களில் படிப்பே இல்லை என்றும் கொள்ளலாகாது. பெண்மக்கள் வீட்டிலே ஓதினர். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் அவர்களுக்குப் பழக்கமாயிருந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியார்கள் அவ்வெழுத்தில் நூல்கள் இயற்றினர். ஆனால் வீட்டில் கற்ற கல்விக்குச் சான்றிதழ் கிடைப்பதில்லை; அது ஆசிரியைப் பணிக்கோ மருத்துவப் படிப்புக்கோ வழி திறப்பதுமில்லை. அரசுப் பணியும் தொழிற்கல்வியும் பள்ளிச் சான்றிதழைக் கேட்கத் தொடங்கிய காலத்தில், ஏட்டில் பெயர் இல்லாதவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டனர்.

இந்த இழப்பின் அளவை நாகூர் சித்தி ஜுனைதா பேகம் (1917–1998) வாழ்வு உணர்த்தும். அவர் பள்ளியில் பயின்றது மூன்றாம் வகுப்பு வரைதான். எனினும் 1938-ல் ‘காதலா கடமையா’ என்னும் நாவலை வெளியிட்டார். மூன்றாம் வகுப்போடு நின்ற ஒருவர் நாவலாசிரியை ஆனார் என்று பெருமைப்படுகிறோம், பெருமைப்படத்தான் வேண்டும். அவரைப்போல் நின்றுவிட்டு, ஒரு வரியும் எழுத வாய்ப்பின்றி மறைந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் தடை வேறு வடிவில் நின்றது. இது தறி ஓடும் ஊர். தறி உள்ள வீட்டில் தார் சுற்றச் சிறு கைகள் தேவை. சுற்றுப்புறக் கிராமங்களில் பீடி சுற்றும் தொழில் பரவியபோது, பெண்பிள்ளையின் விரலுக்கு அன்றாடக் கூலியே கிடைத்தது. பள்ளி இலவசமாயினும், பள்ளிக்கு அனுப்பினால் அக்கூலி போய்விடும். ஏழைத் தகப்பன் போட்ட கணக்கு இதுதான்.

அந்தக் கணக்கை மாற்றியது அறிவுரையன்று, சோறு. முதலமைச்சர் காமராசர் 1956-ல் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1982-ல் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பயன் கண்கூடு. 1951-ல் இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. 2001 குடிக்கணக்கிலோ, தமிழ்நாட்டு முஸ்லிம் பெண்களில் 76 விழுக்காட்டினர் எழுத்தறிந்திருந்தனர். மாநிலப் பெண்களின் பொதுச் சராசரி 64 விழுக்காடுதான். நம்மவரில் பெரும்பாலோர் நகரங்களில் வாழ்வதும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறப்பதற்கில்லை.

ஆசியக் கண்டத்தை நோக்கினாலும் இதே பாடம்தான் கிடைக்கிறது. இலங்கை 1945-ல் இலவசக் கல்வியை ஏற்றது. அங்கே பெண்கள் ஆண்களுக்கு இணையாக வளர்ந்தனர். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் வங்கதேசம் 1994 முதல் உயர்நிலைப் பள்ளி மாணவியர்க்கு நாடெங்கும் உதவித்தொகை வழங்கியது. சில ஆண்டுகளிலேயே மாணவியர் எண்ணிக்கை மாணவர் எண்ணிக்கையை விஞ்சியது. ஆப்கானிஸ்தானிலோ 2021-ல் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளிக் கதவு அடைக்கப்பட்டது; 2022-ல் பல்கலைக்கழகக் கதவும் அடைபட்டது. வங்கதேசமும் ஆப்கானிஸ்தானும் முஸ்லிம் நாடுகளே. ஒன்று திறந்த கதவை மற்றொன்று மூடியது.

நம் முன்னோரும் திறந்தவர்களே. நீதிபதி பஷீர் அகமது சயீத் முயற்சியால் 1955-ல் சென்னையில் எஸ்.ஐ.இ.டி. மகளிர் கல்லூரி எழுந்தது. 1988-ல் கீழக்கரையில் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி தோன்றியது. அரசும் 2022-ல் புதுமைப் பெண் திட்டத்தின் வழியே, அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியர்க்கு மாதம் ரூ.1,000 வழங்கத் தொடங்கியது.

முதல் வகுப்பில் பெயர் ஏறுவதில் இன்று சிக்கல் இல்லை. பத்தாம் வகுப்புக்குப் பின் பெயர் நீங்குவதே சிக்கல். பேருந்துக் கட்டணம், தொலைவிலுள்ள கல்லூரி, விரைந்து பேசப்படும் திருமணம் ஆகியவை அங்கே குறுக்கிடுகின்றன. சந்தா ஏடும் நிக்காஹ் ஏடும் வைத்திருக்கும் ஜமாஅத்துகள், இடையில் படிப்பை நிறுத்திய பெண்பிள்ளைகளின் பெயர்களுக்கென மூன்றாவது ஏடு ஒன்றைத் திறக்கட்டும். அதிலுள்ள ஒவ்வொரு பெயரையும் மீண்டும் பள்ளி ஏட்டுக்கு மாற்றுவதே தமக்குரிய பணி எனக் கொள்ளட்டும். இருநூறு ஆண்டுகட்கு முன் மலபாரில் இயன்றது இன்று நமக்கு இயலாதா?