மண்ணுக்கடியில் மட்டம் பார்த்தவர்கள்

தெருவிலுள்ள வீட்டையோ மரத்தையோ படத்தில் குறிப்பதற்கு நீளமும் அகலமும் போதும். மண்ணுக்கடியில் ஓடும் கழிவுநீர்க் கால்வாய்க்கு அவை போதா. அதன் தளம் எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்பதே முதற் கேள்வி. நீர் பள்ளத்தை நோக்கித்தானே ஓடும்! இந்த எளிய உண்மையை அலட்சியம் செய்த மாநகரம் ஒன்று உண்டு, அது லண்டன்.

1847 வரை அந்நகரின் சாக்கடைகளை எட்டுத் தனித்தனி ஆணையங்கள் கவனித்து வந்தன. ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் தன் விருப்பப்படி கால்வாய் கட்டியது. அகன்ற கால்வாய் குறுகிய கால்வாயில் போய் விழுந்த விந்தையும் நடந்தது. ஊர் முழுவதற்கும் பொதுவான படம் கிடையாது. அவ்வாண்டின் இறுதியில், பழைய நகர்ப்பகுதியின் ஆணையம் நீங்கலாக, மற்றவை ஒன்றாக்கப்பட்டன. சுகாதாரச் சீர்திருத்தவாதி எட்வின் சாட்விக்கின் முயற்சியால் 1848இல் அரசு நில அளவைத் துறையின் படைவீரர்கள் வரவழைக்கப்பட்டனர். தங்கள் பிழைப்பில் மண் விழுந்ததாகத் தனியார் அளவையாளர்கள் முறையிட்டதில் வியப்பில்லை.

செயின்ட் பால் பேராலயக் கோபுர உச்சியில், தரையிலிருந்து 365 அடி உயரத்திலுள்ள சிலுவையைச் சுற்றிச் சாரம் கட்டினார்கள். அங்கே கருவியை வைத்து நகரெங்கும் கோணங்களை அளந்தார்கள். 1 மைல் தூரத்தை 5 அடியாகக் காட்டும் படம் உருவாயிற்று. தெருக்களின் விளிம்பும் தரைமட்ட உயரங்களுமே அதில் முக்கியம்.

மேலே நடந்தது இது. கீழே நடந்த வேலையை எண்ணிப் பாருங்கள்! உயரம் தெரிந்த ஓர் அடையாளத்திலிருந்து தொடங்கி, மட்டக் கருவியால் மட்டக்கோலைப் படித்துப் படித்துக் கால்வாயின் தளம்வரை கணக்கைக் கொண்டுபோக வேண்டும். தளமோ அழுகிய கசடுக்கடியில் புதைந்திருந்தது. நச்சு வாயு வேறு. மாளிகை கட்டியவனுக்குக் கிடைக்கும் பெயர் இவர்களுக்கு எங்கே கிடைத்தது?

1848-49இல் காலரா லண்டனில் 14,000 பேருக்கு மேல் பலிகொண்டது. சாக்கடை கலந்த தேம்ஸ் நீரையே பலர் குடித்து வந்தனர். 1849இல் ஆணையத்தில் உதவி அளவையாளராகச் சேர்ந்த ஜோசப் பசல்ஜெட், பின்னர் தலைமைப் பொறியாளரானார். கழிவுநீரை ஆற்றில் விழாமல் இடைமறித்து ஊருக்குக் கிழக்கே கொண்டுசெல்லும் பெருங்கால்வாய்களை 1859 முதல் அமைத்தார். அவற்றின் சரிவு மைலுக்கு 2 அடி அளவே. அதாவது 100 மீட்டருக்கு 4 செ.மீ. கூட இல்லை. மட்டம் சற்றே பிசகினாலும் நீர் தேங்கிவிடும். 1866இல் காலரா மீண்டும் வந்தபோது, வேலை முடியாதிருந்த கிழக்கு லண்டனே கடுமையாகத் தாக்குண்டது.

இன்று உலோகக் குழாயில் மின்னலைகளைச் செலுத்தி, அதன் தடத்தை மேலிருந்தே கண்டுபிடிக்கிறார்கள். மண்ணுக்குள் ஊடுருவும் ராடாரும் உண்டு. ஆனால் லண்டனின் ஈரக் களிமண் ராடார் அலைகளை விரைவில் விழுங்கிவிடுகிறது. செங்கல் கால்வாயோ மின்சாரத்தைக் கடத்துவதில்லை. ஆகவே மூடியைத் திறந்து, உள்ளே கோலை இறக்கி ஆழம் படிக்கும் வேலை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.