வடசென்னையின் ஸ்காரப் வண்டுகள்

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர்க் கழிமுகம் வரையுள்ள கரையோரத்தில் ஸ்காரபேயிடே குடும்ப வண்டுகளைத் தேட வேண்டிய இடங்கள் தெருமாட்டுச் சாணம், தென்னங்குருத்து, குப்பைக்குழி, மழை பெய்த இரவின் தெருவிளக்கடி ஆகியவை. உலகில் 30,000க்கு மேற்பட்ட இனங்கள் உள்ள இக்குடும்பத்தில் சாணி வண்டு, காண்டாமிருக வண்டு, வேர்ப்புழுவின் தாய் வண்டு, பூவண்டு எல்லாம் அடங்கும்.

நிறத்தையும் கொம்பையும் நம்பினால் ஏமாறுவோம். முதலில் பார்க்க வேண்டியது உணர்கொம்பு. அதன் நுனியில் மெல்லிய தகடுகள் விசிறிபோல் அடுக்கியிருக்கும். பிள்ளைகள் தீப்பெட்டியில் வளர்க்கும் பொன்வண்டுக்கு அந்த விசிறி கிடையாது; அது புப்ரெஸ்டிடே என்னும் வேறு குடும்பம். தென்னையைக் குடையும் சிவப்புக் கூன்வண்டும் வேறுதான்.

அடுத்து உட்குடும்பம். சாணி வண்டின் நடுக்கால்கள் அடியில் ஒன்றைவிட்டு ஒன்று வெகுவாக விலகியிருக்கும். காண்டாமிருக வண்டு சேரும் டைனஸ்டினேயில் தாடை மேலிருந்தே தெரியும். ரூட்டெலினேயில் காலின் இரு நகங்களும் ஒத்த அளவில் இரா. பூவண்டுகளில் பெரும்பாலானவை முன்சிறகைத் திறக்காமலே பக்கவாட்டில் பின்சிறகை நீட்டிப் பறக்கும். இந்திய இனங்களுக்கு கில்பர்ட் ஆரோ 1910, 1917, 1931 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட மூன்று தொகுதிகள் இன்றும் அடிப்படை நூல்கள். பெயர்கள் பல மாறிவிட்டதால் புதிய ஆய்வுகளோடு ஒப்பிட்டே படிக்க வேண்டும்.

இவற்றில் தென்னை வைத்திருப்போர் நன்கு அறிந்தது காண்டாமிருக வண்டு, ஓரிக்டஸ் ரைனோசெரஸ். லின்னேயஸ் 1758இல் பெயரிட்டது. வண்டே கண்ணில் படாவிட்டாலும், விரிந்த ஓலையில் கத்தரித்தாற்போலத் தெரியும் முக்கோண வெட்டு அதன் வரவைச் சொல்லிவிடும். சிறிய ஆணுக்குக் கொம்பு குட்டையாக இருப்பதால் கொம்பை வைத்து ஆண், பெண் பிரிக்க முடியாது. வால்நுனியில் அடர்ந்த செம்மயிர் இருந்தால் பெண். துறைமுகப் பகுதியில் இதை அடையாளம் காணத் தெரிந்திருப்பது மிக அவசியம்: 1909இல் இலங்கையிலிருந்து போன ரப்பர் கன்றுகளோடுதான் இது சமோவாவுக்குச் சென்று, பசிபிக் தீவுகளின் தென்னையை அழிக்கத் தொடங்கியது.

இதன் புழு சாணக்குழியிலும் மட்கிய தென்னந்தண்டிலும் வளர்கிறது. அங்கே சுருண்டு கிடக்கும் வெண்புழு எல்லாவற்றையும் பகையென்று நசுக்குவது வழக்கம். பூவண்டின் புழுவும் அதே குழியில் இருக்கும். அது குப்பையை மட்கவைப்பது, தென்னையைத் தொடாது. சமதரையில் விட்டுப் பார்த்தால் போதும். பூவண்டின் புழு மல்லாந்து, முதுகால் ஊர்ந்து போகும்.