மைக் ஒயருக்குள் ஒரு டெலிபோன் கதை

போன மாசம் தெரிஞ்ச தம்பி ஒருத்தர் போன் பண்ணினார். அவங்க ஊர் வாசகர் கூட்டத்துக்கு நல்ல டைனமிக் மைக் வாங்கியிருக்கார். ஆனா ஸ்பீக்கர்ல பேச்சைவிட "ஊம்ம்"ங்கிற இரைச்சல்தான் பெரிசா கேட்குதாம். "மைக்கை மாத்திடலாமாண்ணா?" என்றார். முதலில் ஒயரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஒரு முனையில் மூணு பின் எக்ஸ்எல்ஆர், மறுமுனையில் மோனோ பிளக். கோளாறு அங்கேதான். அது ஏன்னு புரிய, டெலிபோன் பிறந்த காலத்துக்குப் போகணும்.

ஆரம்பகால டெலிபோன் லைன்கள் தந்தி முறையைப் பின்பற்றின. கம்பத்தில் ஒரே ஒரு கம்பி. மின்சாரம் திரும்பிவர மண்ணே பாதை. தந்திக்கு அது போதும். ஆனா டெலிபோனில் பக்கத்துக் கம்பியின் தந்தி ஓசையும் சேர்ந்து கேட்டது. 1888-ல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் ஃபிராங்க் ஸ்ப்ரேக் மின்சார டிராம் ஓட்டிக் காட்ட, மற்ற நகரங்களும் டிராமுக்கு மாறின. டிராமின் மின்சாரமும் தண்டவாளம், மண் வழியாகவே திரும்பியது. டெலிபோனில் இரைச்சல் தாங்க முடியவில்லை.

இதற்கான மருந்தை கிரகாம் பெல் 1881-லேயே காப்புரிமை எடுத்து வைத்திருந்தார். மண்ணை நம்பாதே, இரண்டு கம்பி போடு, இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடு. கம்பிச் செலவு இரட்டிப்பு. ஆனாலும் கம்பெனிகள் கடைசியில் இரண்டு கம்பிக்குத்தான் வந்து சேர்ந்தன.

சூட்சுமம் இதுதான். குரல் ஒரு கம்பியில் ஏறும்போது மற்றதில் இறங்கும். மறுமுனைக் கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். வெளி இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் நுழைவதால், கழித்தால் மிச்சம் பூஜ்யம். அப்படிச் சமமாக நுழையத்தான் அந்த முறுக்கு.

டைனமிக் மைக்கும் இதே டெலிபோன் வீட்டுப் பிள்ளைதான். 1931-ல் பெல் ஆய்வகத்தின் வென்டும் துராஸும் உருவாக்கிய மைக்கை வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 618ஏ என்ற பெயரில் விற்றது. காந்தத்துக்குள் அசையும் சின்னச் சுருள். அதில் பிறக்கும் மின்சாரம் ரொம்பக் கொஞ்சம். 1966-ல் வந்த ஷூர் எஸ்எம்58-ஐ எடுத்துக்குங்க. வாய்ப்பக்கம் வைத்து உரக்கப் பேசினாலும் சுமார் 2 மில்லிவோல்ட்தான். பென்சில் செல்லில் கிட்டத்தட்ட 800-ல் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லிய சிக்னல் கரண்ட் ஒயர் பக்கத்தில் போனால் இரைச்சல் ஒட்டத்தான் செய்யும்.

தம்பியின் மோனோ பிளக்கில் இரண்டே இணைப்பு. ஒரு கம்பி சீல்டோடு சேர்ந்துவிடும். கழித்தல் கணக்கே நடக்காது. 1881-க்கு முந்தைய டெலிபோன் மாதிரிதான்!

அப்போ என்ன வாங்கலாம்? இரண்டு முனையிலும் மூணு பின் எக்ஸ்எல்ஆர். உள்ளே முறுக்கிய இரண்டு ஒயர், மேலே நெருக்கமாகப் பின்னிய செம்புச் சீல்டு. சுருட்டினால் முரண்டு பிடிக்காத மேலுறை. விளக்கு டிம்மர்கள் நிறைந்த மேடை என்றால், நாலு ஒயர் உள்ள ஸ்டார்குவாட் இன்னும் நல்லது. நீளத்துக்குப் பயப்பட வேண்டாம். இந்த மைக்கின் மின்தடை சில நூறு ஓம்தான் என்பதால் 100 மீட்டர் இழுத்தாலும் குரலின் கூர்மை குறையாது. பழைய 50,000 ஓம் மைக்குகளுக்கோ 10 மீட்டரிலேயே குரல் மந்தமாகிவிடும். பின்னில் தங்க முலாம் இருந்தால் துரு பிடிக்காது, அவ்வளவுதான். குரல் இனிமையாகும்னு சொன்னா நம்பாதீங்க.

தம்பியின் மிக்ஸரில் எக்ஸ்எல்ஆர் துளை சும்மாதான் கிடந்திருக்கு. ஒயரை மட்டும் மாற்றினார். அடுத்த கூட்டத்தில் கடைசி வரிசைப் பெரியவர், "இன்னைக்குத்தான் பேச்சு புரிஞ்சுது"ன்னாராம். மைக் அதே மைக்தான்.