கேமரன் மலையின் பழைய வண்டிகள்

மலேசிய நாட்டு வரலாற்றை எழுதுவோர் ஈயத்தைப் பற்றி எழுதுவர். இரப்பரைப் பற்றி எழுதுவர். இருப்புப் பாதையையும் துறைமுகத்தையும் மறவாது குறிப்பிடுவர். ஆனால் மண்பாதைகளில் மக்களையும் மூட்டைகளையும் ஏற்றித் திரிந்த சிறு வண்டிகளைப் பற்றி எழுதுவோர் அரியர். மலைச்சரிவில் வாழும் ஒரு குடும்பம் கைப்பொருளைத் திரட்டிப் பழைய வண்டி ஒன்றை வாங்க முற்படும்போது, எதை வாங்குவது என்னும் வினா எழுகிறது. அவ்வொரு வினாவுக்குள் அம்மலையின் போர்க்காலமும் வரிமுறையும் நிலவுரிமையும் மறைந்திருக்கக் காணலாம். கேமரன் மலையில் தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்பட்டு வந்த வினா இதுவே: நான்கு சக்கரங்களும் இழுக்கின்ற, பலர் அமர்ந்து செல்லத்தக்க மூடுவண்டியா? அன்றிப் பின்புறம் திறந்த சுமைத்தட்டுடைய ‘பிக்கப்’ வண்டியா? முன்னதை இந்நாளில் விற்பனையாளர் ‘எஸ்.யூ.வி.’ என்கின்றனர். நம் தோட்டப்புற மக்களுக்கு அது என்றும் ‘ஜீப்பு’த்தான்.

கேமரன் மலையின் கதையை ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் அம்மேட்டு நிலத்தைக் கண்டு குறித்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. தாப்பாவிலிருந்து மேலேறும் வளைவுப் பாதை 1930களின் தொடக்கத்தில் பயனுக்கு வந்தது. அதற்குச் சற்று முன்னர், 1929இல், ஜான் ஆர்ச்சிபால்டு ரஸ்ஸல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். காடழித்துத் தேயிலை நட்டவர்களுள் நம் தமிழ்த் தொழிலாளர் பெரும்பங்கினர். பள்ளத்தாக்குகளில் சீனக் குடியானவர் காய்கறி பயிரிட்டனர். இவர்கள் அனைவர்க்கும் வாய்த்த பொதுப்பகை ஒன்றுண்டு, அதுதான் சேறு. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் அம்மலையில், தார்ச்சாலையை விட்டு இறங்கிய கணமே பாதை என்பது பெயரளவில்தான்.

1948ஆம் ஆண்டு அம்மலையின் வண்டி வரலாற்றில் இரு நிகழ்ச்சிகளை ஒருங்கே கொணர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 30ஆம் நாள், ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் நடந்த வாகனக் கண்காட்சியில், ரோவர் என்னும் ஆங்கிலேய நிறுவனம் லேண்ட்ரோவர் வண்டியை உலகுக்குக் காட்டியது. ஜூன் மாதத்தில் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. இரண்டுக்கும் அன்று யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும், பின்னாளில் மலைத்தோட்டக்காரனின் கைக்கு அவ்வண்டி வந்து சேர்ந்ததற்கு இவ்விரண்டும் சேர்ந்தே காரணமாயின.

லேண்ட்ரோவர் பிறந்த கதை சுவையானது. ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டை ஒட்டிய ஆங்கிள்சி தீவிலுள்ள தம் பண்ணையில், அமெரிக்கப் படையினர் விட்டுச்சென்ற பழைய ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அது தேய்ந்து ஓயும் நாள் வந்தால் அதற்கு ஈடாக எதை வாங்குவது என்ற எண்ணமே புதிய வண்டிக்கு வித்தாயிற்று. ஆக, ஒரு பழைய வண்டியை வைத்துக்கொண்டு ஒரு பண்ணைக்காரர் பட்ட கவலையில் பிறந்ததுதான் லேண்ட்ரோவர். போர் முடிந்த பிரிட்டனில் எஃகு பங்கீட்டில் இருந்தது. அலுமினியக் கலவைத் தகடோ தாராளமாகக் கிடைத்தது. எனவே அடிச்சட்டத்தை எஃகிலும் உடலை அலுமினியத்திலும் அமைத்தனர். வளைவு நெளிவு மிகுந்த தகடுகளுக்குச் செலவு மிகுதி என்பதால் தட்டைத் தகடுகளையே பெரிதும் பயன்படுத்தினர். பஞ்சத்தில் செய்துகொண்ட இவ்வேற்பாடு மழைமலைக்கு வரமாக அமைந்தது. அலுமினியம் துருப்பிடிப்பதில்லை, தட்டைத் தகட்டை எந்தப் பட்டறைக்காரனும் மரச்சுத்தியலால் நிமிர்த்திவிடலாம்.

மூடுவண்டிக்கும் சுமைவண்டிக்கும் இடையிலான வழக்கு அப்போதே தொடங்கிவிட்டது என்பதை மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். திறந்த லேண்ட்ரோவரைப் பிரிட்டிஷ் அரசு தொழில் வண்டியாகக் கொண்டு விற்பனை வரியிலிருந்து விலக்கியது. அதே வண்டிக்குக் கூரையும் மெத்தை இருக்கைகளும் பொருத்தி 1948இன் இறுதியில் வெளிவந்த மூடுவண்டியையோ சொகுசுக் காராகக் கொண்டு வரி விதித்தது. விளைவு, அம்மூடுவண்டி 1951 வரையில் எழுநூறுக்கும் குறைவாகவே விற்றது. அடிச்சட்டம் ஒன்று, எஞ்சின் ஒன்று, சக்கரங்கள் ஒன்று. மேலே ஒரு கூரை வந்தமர்ந்ததும் அரசின் கண்ணுக்கு அது வேறு வண்டியாகிவிட்டது! உலகெங்கும் பற்பல அரசுகள் பின்னர் இவ்வழியே சென்றன. மலேசியாவிலும் பிக்கப் வண்டிகள் பயணியர் கார்களினும் குறைந்த வரியையே நெடுங்காலம் சுமந்து வந்துள்ளன.

இனி, மலைக்கு வருவோம். பிரிட்டிஷ் இராணுவம் 1949 முதல் லேண்ட்ரோவரை ஏற்றுக்கொண்டது. மலாயாக் காட்டுப் போரில் படையினரும் காவலரும் அதைப் பெருமளவில் பயன்படுத்தினர். 1960 ஜூலையில் அவசரகாலம் முடிவுற்றது. 1971இன் இறுதிக்குள் பிரிட்டிஷ் படைகளுள் பெரும்பாலானவை இவ்வட்டாரத்தை விட்டு நீங்கின. படைகள் போகலாம், ஓடித் தேய்ந்த வண்டிகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோவது யார்க்கும் இலாபமன்று. அவை ஏலத்திற்கு வந்தன. அரசுத் துறைகள் கழித்த வண்டிகளும் அவ்வாறே. புதுவண்டியைக் கனவிலும் எண்ணவியலாத காய்கறித் தோட்டக்காரன் இராணுவம் கழித்துவிட்ட லேண்ட்ரோவரை வாங்கக்கூடியவனானான். ஒருவர் வாங்கியதைப் பார்த்து அண்டையார் வாங்கினர். ஒரே வகை வண்டி பெருகப் பெருக, அதன் உறுப்புகளும் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகளும் மலையிலேயே பெருகின. பழைய வண்டியைத் தேர்ந்தெடுப்பதில் இதனினும் வலிய காரணம் வேறில்லை என்பது என் கருத்து. பழுதுபட்டால் நாளைக் காலையில் அதனைச் சீர்செய்வதற்கு ஆள் இருக்கின்றாரா என்பதே வாங்குவோனின் முதற்கேள்வி. குதிரைத் திறனும் வேகமும் அதற்குப் பின்னர்தான்.

அக்காலத்தில் மூடுவண்டியின் புகழும் சிறிதன்று. 1955 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர் அறுவர், மூடிய லேண்ட்ரோவர் இரண்டில் இலண்டனை விட்டுப் புறப்பட்டு, தரைவழியாகவே பயணம் செய்து, 1956 மார்ச்சில் சிங்கப்பூரை அடைந்தனர். அவ்விரு வண்டிகளுள் ஒன்று பல நாடுகள் சுற்றிப் பழுதடைந்து, பின்னர் மீட்கப்பட்டு, 2019இல் சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்குத் திரும்பி ஓடியது. அறுபத்து மூன்று ஆண்டுக்குப் பின்னும் ஓடிய அவ்வண்டியைக் கண்டு உலகம் வியந்தது. கேமரன் மலையில் யாரும் வியந்திருக்க மாட்டார்கள்.

மாணவர் அறுவர்க்குக் கூரையும் இருக்கையும் வேண்டியிருந்தன. முட்டைக்கோசுக்கு அவை வேண்டா. மலையில் நடந்தது யாதெனின், மூடுவண்டியா சுமைவண்டியா என்னும் வழக்கை மக்கள் அரத்தாலும் வாளாலும் தீர்த்துக்கொண்டனர். லேண்ட்ரோவரின் உடல் ஆணியும் திருகும் கொண்டு பூட்டப்பட்டதாகலின், பின்கூரையைக் கழற்றுவது எளிது. கழற்றிய இடத்தில் மரச்சட்டங்களும் இரும்புக் கம்பிகளும் நிறுத்தி, அவற்றிடையே பிரம்புக் கூடைகளை அடுக்கினர். பிற்காலத்தில் பிரம்பின் இடத்தைப் பிளாஸ்டிக் பிடித்துக்கொண்டது. பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும் பழைய எஞ்சினை எடுத்துவிட்டு, ஜப்பானிய டீசல் எஞ்சினைப் பொருத்தியவரும் பலர். முகப்பு ஓர் ஆண்டினது, கதவு வேறோர் ஆண்டினது, எஞ்சின் வேறொரு நாட்டினது என்றவாறு ஓடும் அவ்வண்டிகளைக் கண்டு பட்டணத்தார் நகைப்பதுண்டு. நகைப்பவர் ஒருமுறை கூடையோடு கூடையாக அமர்ந்து அச்சரிவில் இறங்கிப் பார்க்கட்டும்.

பிறப்பிலேயே பிக்கப்பாக வந்த வண்டிகள் இதற்குப் பின்னரே போட்டிக்கு வந்தன. டொயோட்டா நிறுவனத்தின் ஹைலக்ஸ் 1968இல் ஜப்பானில் வெளியாயிற்று. ஒரு டன் சுமையைத் தாங்கும் உறுதி அதற்கிருந்தது. ஆயினும் பின்சக்கரங்கள் மட்டுமே இழுத்தமையால், சேற்று மலைக்கு அது அரைவண்டிதான். 1979இல் நான்கு சக்கர இயக்கமுடைய ஹைலக்ஸ் வந்தபோதுதான் லேண்ட்ரோவருக்கு மெய்யான மாற்றான் தோன்றினான். எரிபொருட் செலவு குறைவு. கியர் மாற்றுவது எளிது. காலையில் திருகினால் உடனே கிளம்பும். ஓட்டுவதற்குத் தோள்வலிமையும் பொறுமையும் வேண்டிய லேண்ட்ரோவருக்குப் பழகிய தந்தையர், ஹைலக்ஸை மெல்லிய பண்டமாகவே கருதினர். மைந்தர்க்கு அதுவே உகந்தது.

பழைய வண்டியைப் பார்த்து வாங்குவோன் எதைப் பார்த்தான் என்பதையும் கூறியாக வேண்டும். லேண்ட்ரோவரின் அலுமினிய உடல் பளிச்சென்றிருக்கும். அதைக் கண்டு மயங்குதல் கூடாது. குனிந்து அடிச்சட்டத்தைப் பார்க்க வேண்டும். எஃகுச் சட்டம் உள்ளிருந்தே துருவேறும். அதன் கடைக்கோடிக் குறுக்குச் சட்டமும், பக்கவாட்டில் உடலைத் தாங்கும் கைகளும் முதலில் உளுத்துப்போகும். எஃகும் அலுமினியமும் ஒட்டும் இடத்தில் ஈரம் புகுந்தால், அலுமினியமும் வெண்பொடியாக உதிரும். சுமையேற்றி மேடேறும்போது பின்னச்சின் தண்டு முறிவது பழைய லேண்ட்ரோவரின் நெடுநாள் நோய். முறிந்த தண்டைச் சாலையோரத்திலேயே உருவி எடுத்து, முன்சக்கரங்களின் இழுப்பில் வீடுவந்து சேரலாம் என்பது அதன் நெடுநாள் மருந்து. பிக்கப் வண்டியில் பார்க்க வேண்டியன வேறு. எஞ்சின் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆனால் ஒரு டன்னுக்கென்று செய்த வண்டியில் இரண்டு டன் ஏற்றியவன் யார் என்பதை வண்டி வாய்திறந்து சொல்லாது. ஓட்டுநர் அறைக்குப் பின்னால் அடிச்சட்டம் தொய்ந்திருக்கின்றதா, பின் ஸ்பிரிங் பட்டைகள் நிமிர்ந்து தட்டையாகிவிட்டனவா, சுமைத்தட்டின் மூலைகளில் துரு தின்றிருக்கின்றதா எனக் காண்பவனே தேர்ந்த கண்ணுடையவன். பக்கவாட்டில் நின்று பார்த்தால், தட்டுக்கும் ஓட்டுநர் அறைக்கும் இடையிலுள்ள சந்து மேலும் கீழும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். கீழே குறுகி மேலே விரிந்திருந்தால், அவ்வண்டி முதுகு ஒடிந்த மாடு.

இவ்வளவு அறிந்தவர்கள் ஏன் ஒரேயடியாகப் புதியதொன்றை வாங்கவில்லை என்று ஒரு மாணவர் கேட்கலாம். வறுமை என்பது பாதி விடைதான். மலையின் காய்கறி நிலங்களுள் பல, தற்காலிகக் குடியிருப்பு உரிமம் என்னும் ஏற்பாட்டின் கீழ்ப் பயிரிடப்பட்டு வந்தவை. அவ்வுரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அடுத்த ஆண்டு இந்நிலம் நம்முடையதோ அன்றோ என அறியாதவன், பத்தாண்டுக்குத் தவணை கட்டும் வண்டியை எங்ஙனம் வாங்குவான்? நிலத்திற்குச் செல்லும் பாதையைத்தான் எவ்வாறு செப்பனிடுவான்? பாதை செப்பமுறாதவரை பழைய லேண்ட்ரோவரின்றி வேறு வண்டி ஏறாது. நிலையற்ற நிலவுரிமையும் நிலைத்த பழைய வண்டியும் ஒன்றையொன்று தாங்கி நின்றன என்றே நான் கருதுகிறேன். மலைமக்கள் பழமையில் பற்றுடையோர் என்று சுற்றுலாக் கையேடுகள் கூறுவது பொருந்தாது.

தேயிலைத் தோட்டத்துத் தமிழரின் நிலை இதனினும் வேறு. அவர்க்கு வண்டியைத் தேர்ந்தெடுக்கும் பேறே நெடுங்காலம் வாய்க்கவில்லை. வண்டி தோட்ட நிருவாகத்தினுடையது. கொய்த கொழுந்தைத் தொழிற்சாலைக்கு ஏற்றிச் செல்வது அதன் முதற்கடன். லயத்தில் ஒருத்திக்குப் பேறுவலி கண்டு, தானா ராத்தா மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய நேரத்தில் அது மூடுவண்டியா திறந்த வண்டியா என்பது சொகுசைப் பற்றிய வினாவாக இருப்பதில்லை. மழைக் குளிரில், திறந்த தட்டின்மேல் தார்ப்பாய் போர்த்திக் கொண்டுசெல்வதற்கும், கூரையின் கீழ் கிடத்திக் கொண்டுசெல்வதற்கும் உள்ள வேறுபாட்டை வரிக்கணக்கு அறியாது. பின்னர்த் தொழிலாளர் குடும்பங்களில் சில தோட்டத்தை விட்டு வெளியேறிக் கடை வைத்தும் காய்கறி பயிரிட்டும் காலூன்றின. அக்குடும்பங்கள் தாமே வண்டி வாங்கத் தலைப்பட்டபோது, ஈரிருக்கை வரிசையும் பின்தட்டும் ஒருங்கே அமைந்த பிக்கப் அவற்றுக்குப் பெரிதும் பொருந்தியது. வார நாளில் கூடை. வெள்ளிக்கிழமையில் குடும்பத்தோடு கோயில். ஒரே வண்டியில் இரண்டும் நடந்தன. லேண்ட்ரோவரின் கூரையை அறுத்து முன்னோர் தேடிய விடையை, ஜப்பானியர் தொழிற்சாலையிலேயே செய்து அனுப்பினர் என்று கூறினும் பிழையாகாது.

2000க்குப் பின் சிம்பாங் பூலாய் வழியாக அகன்ற சாலை கம்போங் ராஜாவை வந்து தொட்டது. தோட்டப் பாதைகள் பலவற்றில் சிமெண்டு பரவியது. பிக்கப் வண்டிகள் பெருகின. சோலிஹல் தொழிற்சாலையில் பழைய மரபு லேண்ட்ரோவரின் கடைசி வண்டி 2016 ஜனவரி 29ஆம் நாள் உருவாகி முடிந்தது. 2019இல் அதே பெயர் தாங்கிப் புதிதாய் வந்தது, தனி அடிச்சட்டமே இல்லாத விலையுயர்ந்த மூடுவண்டி. அதன் கூரையை அறுத்துக் கூடை அடுக்க எவரும் துணியார். பட்டணத்துச் சேகரிப்பாளருக்கோ பழைய வண்டிமேல் மோகம் பிறந்துவிட்டது. மலைக்கு வந்து விலை பேசும் அவர்கள், அன்று கழற்றியெறிந்த கூரை எங்கேனும் கோழிக்கூட்டின்மேல் கிடக்கின்றதா என்றும் விசாரிக்கின்றனர்.

ஆயினும் சரிவின் உச்சியிலுள்ள பாத்திகளுக்குப் பிக்கப் இன்னும் எட்டாத இடங்கள் உண்டு. அங்கே காலையில் அறுத்த முட்டைக்கோசும் தக்காளியும் பின்கூரையற்ற லேண்ட்ரோவரில் இறங்கி வருகின்றன. கீழே தார்ச்சாலையோரம் காத்திருக்கும் லாரிக்கு மாற்றப்படுகின்றன. இரவோடிரவாகக் கோலாலம்பூருக்கும், ஜொகூர் பாலம் கடந்து சிங்கப்பூருக்கும் போய்ச் சேருகின்றன.