செத்த குதிரைக்கு உழைத்த மாலுமிகள்

1852ஆம் ஆண்டு. மெல்போர்ன் நகருக்கு எதிரே ஹாப்சன்ஸ் விரிகுடாவில் பாய்மரக் கப்பல்கள் நெருக்கியடித்து நின்றன. ஏற்றிச் செல்லச் சரக்கு இருந்தது. வீசுவதற்குக் காற்றும் இருந்தது. பாயை விரிக்கத்தான் ஆள் இல்லை. முந்தைய ஆண்டு விக்டோரியாவில் தங்கம் கிடைத்த சேதி உலகத் துறைமுகங்களுக்கெல்லாம் எட்டியிருந்தது. நங்கூரம் போட்ட இரவே மாலுமிகள் படகை அவிழ்த்துக்கொண்டு கரையேறினார்கள். பல்லாரட்டிலும் பெண்டிகோவிலும் மண்ணைத் தோண்டப் போனவர்கள் கப்பல் பக்கம் திரும்பவே இல்லை. சில கப்பல்களில் கேப்டனையும் காணவில்லை.

அரசு கடுமை காட்டியது. பிடிபட்ட மாலுமிகளை அடைக்கக் கரையில் இடம் போதாமல், பழைய கப்பல்களையே சிறைகளாக மாற்றி விரிகுடாவில் நிறுத்தினார்கள். டெபோரா என்ற கப்பல் முரண்டு பிடித்த மாலுமிகளுக்கென்றே நின்றது. ஆனாலும் லண்டனுக்குத் திரும்பவேண்டிய கேப்டன்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. கூலியைப் பல மடங்கு உயர்த்திப் பார்த்தார்கள். கடைசியில், ஆள் பிடித்துத் தருவதையே தொழிலாகக் கொண்டவர்களின் வாசலில் போய் நின்றார்கள்.

துறைமுகத்தை ஒட்டித் தங்கும் விடுதி நடத்தியவர்கள்தான் அந்தத் தரகர்கள். அவர்களுடைய ஆயுதம் கத்தியோ துப்பாக்கியோ அல்ல, ஒரு துண்டுக் காகிதம்.

அதன் பெயர் அட்வான்ஸ் நோட்டு. லண்டனிலும் லிவர்பூலிலும் நெடுங்காலமாகப் புழங்கிய சங்கதி அது. கப்பலில் சேர ஒப்பந்தம் போட்டதும் மாலுமிக்கு ஒரு மாதச் சம்பளத்துக்கான சீட்டு தரப்படும். கப்பல் புறப்பட்டுச் சில நாட்கள் கழிந்த பிறகே, அதுவும் அந்த மாலுமி கப்பலில் போயிருந்தால்தான், அந்தச் சீட்டுக்குப் பணம் கிடைக்கும். முன்பணம் வாங்கிக்கொண்டு ஓடுவதைத் தடுக்கக் கப்பல் முதலாளிகள் செய்த ஏற்பாடு இது. பார்வைக்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் பணம் வாங்கும் நாளில் மாலுமி நடுக்கடலில் இருப்பான். அப்படியென்றால் அந்தச் சீட்டு அவனுக்கு எதற்கு உதவும்?

கரையில் இருப்பவனிடம் விற்பதற்கு மட்டும்தான் உதவியது. விடுதிக்காரன் அதை அடிமாட்டு விலைக்கு வாங்கினான். அதிலும் ரொக்கமாகக் கொடுத்தது சொற்பம். வாடகைப் பாக்கி, சாராயக் கணக்கு, பழைய பூட்ஸ், மழைக்கோட்டு என்று மிச்சத்தைக் கழித்துக்கொண்டான். சில இடங்களில் போதை தெளியாதவனைப் படகில் கிடத்திக் கப்பலில் ஏற்றிவிட்டான். கப்பல் போன பிறகு கம்பெனியில் சீட்டைக் காட்டி முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டான். ஓட்டத்தைத் தடுக்கப் பிறந்த காகிதம், ஓடவைப்பவனுக்கே பிழைப்பாகிவிட்டது. ஒரு கப்பலிலிருந்து மாலுமியைக் கிளப்பி இன்னொன்றில் ஏற்றினால் விடுதிக்காரனுக்கு இன்னொரு சீட்டு!

மாலுமிக்கு முதல் மாதம் முழுக்க வெறுங்கை உழைப்பு. அதைச் செத்த குதிரைக்கு உழைப்பது என்று அவர்கள் சொன்னார்கள். ஆஸ்திரேலியா நோக்கிய நீண்ட பயணங்களில், அந்த மாதம் முடியும் நாளில், கோணியும் வைக்கோலும் கொண்டு ஒரு குதிரையைச் செய்து, பாட்டோடு தளத்தைச் சுற்றி இழுத்து, பாய்மரக் கம்பத்தில் ஏற்றிக் கடலில் வீழ்த்துவார்கள். மறுநாளிலிருந்து உழைப்பது தனக்கு. ஆனால் ஊரில் மாதக்கணக்கில் காத்திருந்த மனைவிக்கும் தாய்க்கும்?

தரகரின் பிடியைப் பாதிரிமார்கள் தற்செயலாகத்தான் சந்தித்தார்கள். சிட்னியில் 1822 முதலே மாலுமிகளுக்கான பெத்தேல் சங்கம் இருந்தது. தி ராக்ஸ் பகுதியில் அவர்களுக்கென்று ஒரு தேவாலயம் 1859இல் திறந்தது. மெல்போர்னில் 1857இல் தண்ணீரில் மிதக்கும் தேவாலயமே வைத்தார்கள். பிரசங்கம் கேட்டவன் அன்றிரவு படுக்கத் தரகரின் விடுதிக்கே போனான். வேறு படுக்கை இல்லை. ஆகவே 1865இல் சிட்னியில் மாலுமிகள் இல்லம் திறக்கப்பட்டது. அதன் மேலாளருக்குக் குடியிருக்கக் கொடுத்த வீடு எது தெரியுமா? கேட்மன் காட்டேஜ். அதுவரை இருபது ஆண்டுகள், ஓடிப்போன மாலுமிகளைத் தேடிப் பிடித்த நீர்க்காவல் படையின் தலைமையகம்! துரத்திய வீட்டிலிருந்தே அடைக்கலமும் தொடங்கியதை நினைக்கும்போதெல்லாம் மனசு நெகிழ்கிறது.

படுக்கை கிடைத்தது; சீட்டு ஒழியவில்லை. மருந்து ஏற்கனவே ஒரு சட்டத்தின் மூலையில் தூங்கிக்கொண்டிருந்தது. பிரிட்டனின் 1854ஆம் ஆண்டுக் கப்பல் சட்டம் அலாட்மென்ட் நோட்டு என்ற இன்னொரு வகைச் சீட்டுக்கு இடம் கொடுத்திருந்தது. மாலுமி விரும்பினால், கடலில் இருக்கும் காலத்தில் தன் சம்பளத்தின் ஒரு பகுதி வீட்டுக்குப் போகும்படி ஒப்பந்தத்தில் எழுதலாம். மனைவி, பெற்றோர், தாத்தா பாட்டி, பிள்ளை, பேரப்பிள்ளை, உடன்பிறந்தவர் ஆகியோரில் யார் பெயருக்கு எழுதினாலும், பணம் வராவிட்டால் அவரே கோர்ட்டுக்குப் போகலாம். கப்பலில் கால் வைக்காத ஒரு கிழவி கப்பல் முதலாளி மேல் வழக்குப் போடலாம் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய துணிச்சல். ஆனால் எல்லாம் “விரும்பினால்”தான். விடுதிக்காரனுக்குக் கடன்பட்டவன் எங்கே விரும்புவது?

1880இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அட்வான்ஸ் நோட்டையே செல்லாததாக்கியது. வெற்றி என்று கொண்டாடினார்கள். கையில் காசில்லாத மாலுமியோ போர்வையும் பூட்ஸும் வாங்க வழியில்லாமல் மறுபடி தரகரிடமே கடன் கேட்டான். ஒன்பதே ஆண்டுகளில், 1889இல், ஒரு மாதச் சம்பளம் வரை என்ற வரம்போடு முன்பணம் திரும்பி வந்தது. 1894 சட்டம் சம்பளத்தில் பாதி வரை வீட்டுக்கோ சேமிப்பு வங்கிக்கோ அனுப்ப வழி வைத்தது. குதிரை கொஞ்சம் இளைத்தது, சாகவில்லை.

இதற்குள் மெல்போர்னிலும் சிட்னியிலும் 1870களில் மாலுமிகள் சங்கம் முளைத்திருந்தது. ஆனால் அதன் கதவு எல்லாருக்கும் திறக்கவில்லை. 1878இல் அது நடத்திய பெரிய வேலைநிறுத்தமே கப்பல்களில் சீனர்களைச் சேர்ப்பதை எதிர்த்துத்தான். ஆசிய மாலுமியின் குறைந்த கூலி அவனுடைய குற்றமாகப் பார்க்கப்பட்டது. அந்தக் குறை, சங்கத்தின் வரலாற்றில் மறைக்கக்கூடாத குறை. அதே நேரம் கல்கத்தாவிலும் பம்பாயிலும் லாஸ்கர்கள் எனப்பட்ட இந்திய மாலுமிகள், ஆள் எடுக்கும் செராங்குக்கு லஞ்சமும் விடுதிக்காரனுக்கு வட்டியும் கட்டிவிட்டுத்தான் கப்பலேறினார்கள். வேலை வாங்கித் தருவதை லாபத் தொழிலாக நடத்தக்கூடாது என்று 1920இல் ஜெனோவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு அறிவித்தது. செராங்கின் பிடி அதற்காகத் தளர்ந்துவிடவில்லை.

திருப்பம் சிட்னியில் வந்தது. 1945இல் இந்தோனேசியா சுதந்திரத்தை அறிவித்த சில வாரங்களில், தங்களை ஆண்ட டச்சுக்காரர்களின் கப்பல்கள் ஆஸ்திரேலியத் துறைமுகங்களில் நிற்க, இந்தோனேசிய மாலுமிகள் அவற்றிலிருந்து இறங்கிவிட்டார்கள். துறைமுகத் தொழிலாளர்களும் அந்தக் கப்பல்களைத் தொட மறுத்தார்கள். டச்சுக்காரர்கள் இந்திய மாலுமிகளை ஏற்றினார்கள். பட்ராஸ் என்ற கப்பல் அப்படிப் புறப்பட்டபோது, ஒரு படகு பின்னாலேயே துரத்தியது. அதில் இருந்தவர்கள் ஒலிபெருக்கியில் இந்தியர்களுக்கு அவர்கள் மொழியிலேயே நிலைமையைச் சொன்னார்கள். கப்பல் திரும்பி வந்தது! ஜோரிஸ் இவென்ஸ் 1946இல் எடுத்த ‘இந்தோனேசியா காலிங்’ படத்தில் இந்தக் காட்சியைக் காணலாம். இந்திய மாலுமிகள் ஆஸ்திரேலியாவிலேயே தங்கள் சங்கத்தை அமைத்தார்கள். அவர்களை ஒதுக்கிய சங்கமே இப்போது தோள் கொடுத்தது.

ஆனால் முதலாளிகளும் சும்மா இருக்கவில்லை. கப்பல்கள் வேறு நாட்டுக் கொடிகளின் கீழ் ஒதுங்கின. 1991இல் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு அப்பால் கிர்க்கி என்ற எண்ணெய்க் கப்பலின் முன்பகுதி கழன்று விழுந்தது. துருப்பிடித்த கப்பல்களைப் பற்றி பீட்டர் மோரிஸ் தலைமையில் நாடாளுமன்றக் குழு விசாரித்தது. தகடுகளை ஆராயப் போனவர்களிடம் மனிதர்கள் பேசத் தொடங்கினார்கள். சங்க ஆய்வாளரிடம் காட்ட ஒரு சம்பளப் புத்தகமும், உண்மைக் கணக்குக்கு இன்னொன்றும் இருந்தது வெளிவந்தது. 1992இல் வந்த அந்த அறிக்கையின் பெயர் ‘வெட்கக்கேடான கப்பல்கள்’.

2006 பிப்ரவரி 23 அன்று ஜெனீவாவில் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 314, எதிர்ப்பு பூஜ்யம். ஆஸ்திரேலியா 2011இலும் இந்தியா 2015இலும் அதை ஏற்றன. சம்பளம் மாதத்துக்கு ஒருமுறையாவது தரவேண்டும், மாதக் கணக்கைக் கையில் கொடுக்கவேண்டும், கேட்ட தொகையைக் குறித்த காலத்தில் வீட்டுக்கு அனுப்ப வழி செய்யவேண்டும் என்றது அது. 2014இல் வேகா ஆரிகா என்ற கப்பலை, ஊதியத்திலும் மாலுமி நலனிலும் செய்த தொடர் மீறல்களுக்காக ஆஸ்திரேலியா மூன்று மாதம் தன் துறைமுகங்களிலிருந்து விலக்கியது.

1854இல் தூங்கிய அந்தச் சீட்டுதான் இன்று தூத்துக்குடியிலும் கன்னியாகுமரிக் கரையிலும் கப்பலுக்குப் போனவர்களின் வீடுகளில் மாதாமாதம் வங்கிக் கணக்கில் விழுகிறது. “அலாட்மென்ட் வந்துட்டா?” என்று கேட்டுவிட்டு அம்மாமார்கள் மளிகைக் கடைக்குப் புறப்படுகிறார்கள். வேலைக்குச் சேர்த்துவிட ஏஜென்ட் லட்சங்கள் கேட்பதும், அதற்காக நகையை அடகு வைப்பதும் அதே தெருக்களில் இன்னும் நடக்கிறது. அதே உடன்படிக்கைப்படி, மருத்துவச் சான்று, மாலுமிப் புத்தகம், பாஸ்போர்ட் இவற்றின் செலவைத் தவிர வேலைக்காக மாலுமியிடம் ஒரு பைசாவும் வாங்கக்கூடாது.