கோப்புப் பாதையின் கதை: மல்டிக்ஸ் முதல் கிட் வரை

இந்த முறை கொஞ்சம் கணினி வரலாறு. "மறுபடியும் கணினியா?" என்று ஓடிவிட வேண்டாம். இதில் நம் தமிழும் வருகிறது.

போன பருவத்தில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வட்டாரச் சொற்களைத் தொகுக்கும் ஒரு சின்ன மென்பொருள் செய்தோம். வட்டாரத்துக்கு ஒரு கோப்பு. கோப்பின் பெயரும் தமிழிலேயே. எல்லாவற்றையும் கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் போட்டு வைத்திருந்தோம். சமர்ப்பிக்க இரண்டு நாள் இருக்கும்போது பார்த்தால், ஒரே அடைவுக்குள் 'கொங்கு' என்ற பெயரில் இரண்டு கோப்புகள்! ஒரே அடைவில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்க முடியாது என்றுதானே முதலாம் ஆண்டில் படித்தோம்? நண்பன் ஒன்றில் சொற்களைச் சேர்த்திருக்கிறான், நான் இன்னொன்றில் சேர்த்திருக்கிறேன். நிரல் என்னுடையதை மட்டும் படிக்கிறது. அவன் ஒரு வாரம் உட்கார்ந்து சேர்த்ததெல்லாம் காணோம்.

காரணத்தைத் தேடப் போய்தான் இந்தக் கட்டுரை வந்தது. விடையைக் கடைசியில் சொல்கிறேன்.

சாய்கோடு எங்கிருந்து வந்தது?

அடைவுக்குள் அடைவு, அதற்குள் கோப்பு என்று மரம் போல அடுக்கும் முறை 1960களில் மல்டிக்ஸ் என்ற இயங்குதளத்துக்காக வடிவமைக்கப்பட்டது. அதில் பாதையின் பகுதிகளைப் பிரித்தது '>' என்ற குறி. மல்டிக்ஸ் திட்டத்திலிருந்து பெல் ஆய்வுக்கூடம் விலகிய பிறகு, 1969ல் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸை ஆரம்பித்தார்கள். பிடிபி-7 கணினியில் ஓடிய முதல் யூனிக்ஸில் நாம் இன்று எழுதுவது போன்ற நீண்ட பாதையே கிடையாதாம்! இருக்கும் அடைவில் உள்ள பெயரை மட்டும்தான் சொல்ல முடியும். பிடிபி-11க்கு மாறியபோதுதான் '/' போட்டு எழுதும் பாதைகள் வந்தன.

மைக்ரோசாஃப்ட் பக்கம் கதையே வேறு. 1981ல் வந்த டாஸ் 1.0ல் அடைவுகளே இல்லை. '/' குறியைக் கட்டளைகளின் விருப்பத்தேர்வுகளுக்குப் பயன்படுத்திவிட்டார்கள். 1983ல் டாஸ் 2.0ல் அடைவுகள் வந்தபோது '/' கைவசம் இல்லை. எடுத்தார்கள் '\' குறியை! சி மொழியில் அந்தக் குறிக்கு ஏற்கனவே தனி அர்த்தம் இருந்தது. அதற்குப் பின்னால் ஆங்கில 'என்' எழுத்து வந்தால் "அடுத்த வரிக்குப் போ" என்று பொருள். ஆகவே 'நியூ' என்ற அடைவுக்கான பாதையை விண்டோஸ் முறையில் சி நிரலுக்குள் அப்படியே எழுதினால் அதன் நடுவே ஒரு புது வரி பிறந்துவிடும். இதில் மாட்டாத மாணவர் யாராவது உண்டா? :-)

பதினான்கு எழுத்து

பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளின் வேலை எளிது: ஒரு கோப்பின் பழைய வடிவங்களையெல்லாம் பத்திரமாக வைத்திருந்து, கேட்டால் தருவது. ஆனால் எங்கே வைப்பது, என்ன பெயரில் வைப்பது? அங்கேதான் பாதைச் சிக்கல் ஆரம்பிக்கிறது.

1972ல் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராக்கைண்ட் எழுதிய எஸ்சிசிஎஸ், இந்த வகையில் முன்னோடி. அது வரலாற்றுக் கோப்பின் பெயருக்கு முன்னால் 'எஸ்' எழுத்தையும் ஒரு புள்ளியையும் ஒட்டியது. இரண்டே எழுத்துதானே என்று தோன்றும். அன்றைய யூனிக்ஸில் அடைவின் ஒவ்வொரு பதிவுக்கும் 16 பைட்: கோப்பின் எண்ணுக்கு 2, பெயருக்கு 14. அந்த 14ல் 2 போனால் மிச்சம் 12. 1980களின் தொடக்கத்தில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிச்சி உருவாக்கிய ஆர்சிஎஸ், பெயருக்குப் பின்னால் ஒரு காற்புள்ளியும் 'வி' எழுத்தும் சேர்த்தது. அங்கேயும் அதே இரண்டு எழுத்து வரி! 1983ல் 4.2 பிஎஸ்டி பெயரின் நீளத்தை 255 ஆக உயர்த்திய பிறகுதான் மூச்சு விட முடிந்தது.

ஆர்சிஎஸ் மேல் எழுந்தது சிவிஎஸ். 1986ல் டிக் க்ரூன் ஷெல் நிரல்களாக எழுதியதை, 1989ல் பிரையன் பெர்லினர் சி மொழியில் திரும்ப எழுதினார். இதில் களஞ்சியத்தில் இருக்கும் பாதைதான் கோப்பின் அடையாளமே. பெயரை மாற்றினால் புதுக் கோப்பாகிவிடும். பழைய வரலாறு பழைய பெயரோடு தங்கிவிடும். ஊர் மாறினால் ஆளே மாறிவிட்டான் என்று சொல்வது போல!

2004ல் 1.0 பதிப்பு கண்ட சப்வெர்ஷன் இதைச் சரிசெய்தது. அதை எழுதியவர்கள் இன்னொன்றையும் அனுபவத்தில் கற்றார்கள். ஒரே பாதையைப் பலவிதமாக எழுதலாம். இரண்டு சாய்கோடு போடலாம், கடைசியில் ஒன்று விடலாம், நடுவில் ஒரு புள்ளி வைக்கலாம். எனவே உள்ளே வரும் பாதை எதுவாயினும் முதலில் ஒரே ஒழுங்கான வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்பது அவர்கள் விதி. மாற்ற மறந்தால் நிரல் பாதியில் நின்றுவிடும். பிற்காலத்தில் கணினியில் உள்ள பாதை, களஞ்சியத்துக்குள் உள்ள பாதை, இணைய முகவரி ஆகிய மூன்றுக்கும் தனித்தனிச் செயற்கூறுகளே வைத்துவிட்டார்கள். மூன்றும் பார்க்க ஒன்று போல இருந்தாலும் விதிகள் வேறு அல்லவா?

சி மொழியின் பங்கு

சி மொழியில் 'சரம்' என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. நினைவகத்தில் வரிசையாகப் பைட்டுகள், முடிவில் ஒரு சுழியம். அவ்வளவுதான். எவ்வளவு இடம் ஒதுக்க வேண்டும் என்பது எழுதுகிறவர் பாடு. பழைய வழக்கம், "பாதை இதைவிட நீளாது" என்று ஓர் எண்ணை நம்பி இடம் ஒதுக்குவது. லினக்ஸில் அந்த எண் 4096. விண்டோஸில் வெகுகாலம் 260: இயக்கி எழுத்து, முக்காற்புள்ளி, '\' ஆகியவற்றுக்கு 3, பெயருக்கு 256, கடைசிச் சுழியத்துக்கு 1. இந்த வரம்பிலிருந்து விலகும் வழியை விண்டோஸ் 10 தந்தது 2016ல்தான்.

2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை ஆரம்பித்தார். லினக்ஸ் கருவின் வளர்ச்சிக்குப் பயன்பட்டு வந்த பிட்கீப்பரின் இலவச அனுமதி நின்றுபோனதால் அவசரமாகப் பிறந்த குழந்தை அது. பாதை பற்றிய கிட்டின் கொள்கை சுருக்கமானது: பாதை என்பது பைட்டுகளின் வரிசை, பிரிப்பது '/' மட்டும், பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. முதல் நாள் நிரலிலேயே பாதையைச் சோதிக்கும் ஒரு சின்னச் செயற்கூறு இருந்தது. புள்ளியில் தொடங்கும் பெயர்கள், இரட்டைச் சாய்கோடு, கடைசியில் சாய்கோடு எல்லாவற்றையும் அது தடுத்தது.

பாதைகளை ஒட்டிச் சேர்க்க அவர் வைத்த ஏற்பாடு சுவையானது. நான்கு நிலையான பெட்டிகள். ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் அடுத்த பெட்டியில் பாதையை எழுதிக் கொடுக்கும். ஐந்தாவது முறை கூப்பிட்டால் முதல் பெட்டியில் இருந்தது அழிந்துபோகும். பல இழைகளுக்கு இது ஆகாது என்று தெரிந்தேதான், குறிப்பில் கிண்டலாகச் சொல்லிவிட்டே, எழுதினார். அவசரத்துக்கு நல்ல வழிதான். ஆனால் முதலில் வாங்கிய பாதையை மறந்துபோய் வெகுநேரம் வைத்திருப்பவர் கதி?

அடுத்தது இன்னும் பெரியது. ஒரு கோப்பின் முழுப் பாதையைக் கட்டித் தரும் செயற்கூறு ஒன்று கிட்டில் இருந்தது. எல்லாப் பகுதிகளின் நீளத்தையும் கூட்டி, அவ்வளவு இடம் ஒதுக்கி, நகலெடுக்கும். கூட்டுத்தொகையை வைத்தது சாதாரண முழு எண்ணில். அதன் உச்சம் 2,147,483,647. "அவ்வளவு நீளப் பெயர் யார் வைப்பார்கள்?" என்றுதான் நாமும் நினைப்போம். கெட்ட எண்ணம் உள்ளவர் வைப்பார்! தொகை உச்சத்தைத் தாண்டிச் சுற்றிக்கொள்ளும். ஒதுக்கிய இடம் சிறிதாகும். நகல் மட்டும் முழுசாக நடந்து பக்கத்து நினைவகத்தை மிதிக்கும். அப்படிப்பட்ட களஞ்சியத்தை ஒரு சேவையகத்துக்குத் தள்ளினால் அதையே கைப்பற்ற வழி உண்டு. 2016 மார்ச்சில் வந்த 2.7.4 பதிப்பில் அந்தச் செயற்கூறையே தூக்கிவிட்டார்கள். 2018ல் இன்னொரு படி மேலே போய், சரத்தை அளவு பார்க்காமல் நகலெடுக்கும் சி மொழியின் பழைய செயற்கூறுகளைக் கிட்டின் நிரலில் யாரும் பயன்படுத்தவே முடியாதபடி தடை செய்தார்கள். மீறி எழுதினால் தொகுப்பியே, "மன்னிக்கவும், இது தடை செய்யப்பட்டது" என்ற பொருளில் ஒரு பிழையைக் காட்டி நிறுத்திவிடும்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்து

இனி தமிழ் வரும் இடம். கிட் தன் அமைப்புகளை 'புள்ளி கிட்' என்ற மறைவான அடைவில் வைக்கிறது. அந்த அமைப்புகளில் கட்டளைகளையும் எழுதி வைக்கலாம். கிட் அவற்றை ஓட்டும். ஆகவே அந்த அடைவுக்குள் அந்நியர் யாரும் எழுதக் கூடாது. கிட்டும் அந்தப் பெயரைத் தடுத்தே வந்தது, சிறிய எழுத்தில் மட்டும். ஒருவர் பெயரின் ஓர் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கினால்? கிட்டுக்கு அது வேறு பெயர். ஆனால் விண்டோஸுக்கும் மேக்குக்கும் பொதுவாக இரண்டும் ஒன்றே! யாரோ ஒருவரின் களஞ்சியத்தை நகலெடுத்தால் போதும், அவர் கட்டளை உங்கள் கணினியில் ஓடலாம். முதலில் இதைக் கண்டவர்கள் மெர்க்குரியல் என்ற போட்டி மென்பொருளின் ஆட்கள். கிட் குழுவுக்கும் சொன்னார்கள். 2014 டிசம்பர் 18 அன்று திருத்தம் வந்தது.

அதோடு முடியவில்லை. மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை, பெயர்களை ஒப்பிடும்போது சில எழுத்துகளைக் கண்டுகொள்ளாது. அதில் ஒன்று, அகலமே இல்லாத இணைப்பு நீக்கி. தமிழில் 'க்' பக்கத்தில் 'ஷ' வந்தும் அவை 'க்ஷ' என்று கூடாமல் இருக்க நடுவில் போடுவோமே, அதே எழுத்துதான்! அதைப் 'புள்ளி கிட்'டின் நடுவே செருகினாலும் கிட் ஏமாந்தது, மேக் அதே அடைவைத் திறந்தது. நமக்கு எழுத்து பிரிக்க உதவும் ஒன்று இன்னொருவர் கையில் கள்ளச்சாவி ஆனது.

சரி, 'கொங்கு' என்ன ஆனது?

கிட் வழக்கமாகத் தமிழ்ப் பெயர்களைத் தமிழில் காட்டாது. '\340\256\225' என்று எண்களாகக் கொட்டும். இது 'க'. அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம் என்றாலும் நான் மாற்றவில்லை, திட்டிக்கொண்டே இருந்தேன். அந்த எண்கள்தான் கடைசியில் காப்பாற்றின. ஒரு கோப்பில் 'க'வுக்குப் பின் '\340\257\212', அதாவது ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடு. இன்னொன்றில் '\340\257\206\340\256\276', அதாவது கொம்பு தனி, கால் தனி. திரையில் இரண்டும் 'கொ'. யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம். ஆனால் பைட்டுகள் வேறு, ஆகவே கிட்டுக்கும் லினக்ஸுக்கும் வேறு வேறு கோப்பு!

நண்பனிடம் இருந்தது பழைய மேக் மடிக்கணினி. எச்எஃப்எஸ் பிளஸ் இப்படிக் கூட்டெழுத்துகளைப் பிரித்தேதான் வைக்கும். அவன் அங்கே சுருக்கி அனுப்பிய கோப்புகளை நான் லினக்ஸில் விரித்துச் சேர்த்தேன். வந்தது வினை. கிட்டில் இதற்கென்று 2012லேயே மேக்கில் பெயர்களைச் சேர்த்தெழுதும் ஓர் அமைப்பு வந்துவிட்டது. 2017ல் வந்த ஆப்பிளின் புதிய கோப்பு முறைமையும் பெயரைக் கொடுத்தபடியே வைக்கிறது. நாங்கள்தான் கிட்டைச் சுற்றிக் குறுக்கு வழியில் போனோம்.

இரண்டு கோப்புகளையும் ஒன்றாக்கினோம், அவன் சேர்த்த சொற்கள் எல்லாம் கிடைத்தன, நேரத்துக்குச் சமர்ப்பித்தோம். இவன் ஒழுங்காக வேலை செய்யவில்லையோ என்று ஒரு மாலை முழுவதும் நான் சந்தேகப்பட்டதை மட்டும் அவனிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வான். மன்னித்துக்கொள் நண்பா!

உங்களுக்கும் இப்படித் தமிழ்க் கோப்புப் பெயரால் அடிபட்ட அனுபவம் இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.